ஆட்டு இரத்தத்தைச் சோதித்தால் எந்தப் புழு என்று தெரியுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டோங்காட் பக்கம் 40 டோர்ப்பர் கலப்புச் செம்மறிகள் வைத்திருக்கிறேன். ஜனவரி மழைக்குப் பிறகு சிலவற்றுக்குத் தாடைக்குக் கீழே பை போல வீங்கியிருக்கிறது. இரண்டு செத்துவிட்டன. புழு மருந்து இரண்டு தடவை ஊற்றியும் பலனில்லை. இரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பட்டுமா?

பதில்: வணக்கம் ஐயா. அனுப்புங்கள், ஆனால் புழுக்கையும் சேர்த்து அனுப்புங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் சந்தேகம் வயர்வோர்ம் என்ற இரத்தம் குடிக்கும் புழுதான். அது ஆட்டின் நாலாம் வயிற்றில் இருப்பது; இரத்தத்தில் தென்படாது. எவ்வளவு இரத்தம் குறைந்திருக்கிறது என்பதைத்தான் சோதனை காட்டும். ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மில்லி குடிக்கும். 2,000 புழு இருந்தால் தினம் 100 மில்லி போய்விடும். 40 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமே இரண்டரை லிட்டர்தான். இரத்தத்தோடு புரதமும் போவதால்தான் தாடையில் நீர் கோக்கிறது.

கழுத்து நரம்பில் எடுத்த இரத்தத்தை ஊதா மூடிக் குழாயில் குறித்த கோடுவரை நிரப்புங்கள். குறைவாக ஊற்றினால் உள்ளிருக்கும் உறையா மருந்து அதிகப்பட்டு செல்கள் சுருங்கி, இரத்தம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். மூடியதும் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்க வேண்டாம், செல்கள் உடையும். உறைந்துவிட்ட குழாய் எதற்கும் உதவாது. ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுங்கள்; ஐஸ் மேல் நேரடியாகப் படக்கூடாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள அல்லர்ட்டன் கால்நடை லேபுக்கு முதலில் போன் செய்து, எந்தக் குழாய் எத்தனை வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

லேபில் மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை வேகமாகச் சுழற்றி, சிவப்புப் பகுதி நூற்றுக்கு எத்தனை என்று அளப்பார்கள். நல்ல ஆட்டுக்கு 27 முதல் 45 வரை. 17க்குக் கீழே போனால் உடனே மருந்து தேவை. 12க்குக் கீழே இருப்பதை ஓட்டிக்கொண்டே போகாதீர்கள், வழியிலேயே விழுந்து சாகும். இருந்த இடத்திலேயே மருந்து கொடுங்கள். மேலே நிற்கும் நீரின் நிறத்தையும் கேளுங்கள்: வழக்கத்தைவிட நன்றாக மஞ்சளாக இருந்தால் ஈரலையோ இரத்த ஒட்டுண்ணியையோ சந்தேகப்பட வேண்டும். இரத்த ஒட்டுண்ணிக்குக் காதுநுனி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, காற்றில் உலர்த்தி அனுப்பலாம்.

வாரந்தோறும் ஊசி குத்த வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர்கள் உருவாக்கிய ஃபமாச்சா அட்டை இதற்குத்தான். நல்ல வெளிச்சத்தில் மேலிமையைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி, மற்றக் கையால் கீழிமையை இழுத்தால் உள்தோல் பிதுங்கும். அதை அட்டையோடு ஒப்பிடுங்கள். 1 நல்ல சிவப்பு, 5 வெளுத்த காகிதம் போல. 4, 5க்குக் கட்டாயம் மருந்து. குட்டிகளுக்கும் சினையாடுகளுக்கும் 3க்கே கொடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள். எல்லா ஆட்டுக்கும் ஊற்றுவதைவிட வெளுத்தவற்றுக்கு மட்டும் கொடுப்பது நல்லது. மருந்துக்குத் தப்பிய புழுக்கள் மட்டும் பெருகுவது அப்போது குறையும்.

இரண்டு தடவை ஊற்றியும் பலனில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. நம் நாட்டில் பல மருந்துகளை இந்தப் புழு தாங்கிவிட்டது. பத்து ஆட்டின் புதுப் புழுக்கையை மருந்து கொடுக்கும் நாளில் தனித்தனியாக எடுங்கள், 14 நாள் கழித்து அதே ஆடுகளிடம் மறுபடி எடுங்கள். முட்டை எண்ணிக்கை 95 சதவீதம்கூடக் குறையாவிட்டால் மருந்தை மாற்ற வேண்டும். அதற்குமுன் நீங்கள் ஊற்றிய மருந்தின் அளவைச் சோதியுங்கள்: ஆட்டை எடை போட்டீர்களா, கண்மதிப்பா? கண்மதிப்பில் குறைந்து போவது மிகச் சகஜம். அதற்காகக் கூட்டியும் கொடுக்காதீர்கள். குளோசான்டெல் என்ற புழு மருந்து அளவுக்கு மீறினால் கண்ணே போய்விடும்.

சேற்று நிலத்தில் மேய்ந்தவையானால் ஈரல் புழுவும் இருக்கலாம். அது முட்டையிட 10 முதல் 12 வாரம் ஆகும், அதுவரை புழுக்கையில் தெரியாது. அங்கேதான் இரத்தம் உண்மையில் முந்திக்கொள்கிறது. சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து, எதிர்ப்புப் பொருள் சோதனை என்று கேளுங்கள். சில வாரங்களிலேயே காட்டிவிடும். ஆனால் மருந்து கொடுத்த பின்னும் பல மாதம் பாசிட்டிவ் என்றே வரும். பழைய நோயைப் புதியது என்று எண்ணிவிடாதீர்கள்.

காய்ச்சலோடு திடீரென்று துடித்துச் சாகும் ஆடு, உடம்பில் போன்ட் உண்ணி இருந்தால், வேறு கதை. அந்த உண்ணி பரப்பும் ஹார்ட்வாட்டர் நோய் உயிரோடிருக்கும் ஆட்டின் இரத்தத் தகட்டில் பெரும்பாலும் அகப்படாது, மூளைத் துணுக்கில்தான் தெரியும். அடுத்து ஏதாவது செத்தால் புதைக்காமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.