இணையவழி அழைப்பு: எந்த நெறிமுறை, யாருக்கு? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். கடையில் ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளில் இயங்கும் பிபிஎக்ஸ் (அலுவலகத் தொலைபேசி இணைப்பகம்) வைத்திருக்கிறோம். வெளியிலிருந்து வரும் அழைப்புகள் எடுத்த பின் அரை நிமிடம் நன்றாகக் கேட்டுவிட்டுத் துண்டிக்கப்படுகின்றன. இணையவழி அழைப்பைத் தொடங்கி முடிக்கும் எஸ்ஐபி நெறிமுறையை விட்டு வேறொன்றுக்கு மாறலாமா?

பதில்: மாற வேண்டியதில்லை. கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் அழைப்பை எடுத்ததிலிருந்து ஏறத்தாழ 32ஆவது நொடியில் துண்டிப்பு நிகழ்வதைக் காண்பீர்கள். அது எஸ்ஐபி விதிகளிலேயே உள்ள கெடு. அழைப்பு வரும்போது மறுமுனையிலிருந்து இன்வைட் என்ற செய்தி வருகிறது. உங்கள் பிபிஎக்ஸ், மணி அடிப்பதை 180 என்ற பதிலாலும், ஒருவர் எடுத்துவிட்டதை 200 ஓகே என்ற பதிலாலும் தெரிவிக்கிறது. அந்த 200 ஓகே கிடைத்ததற்கு அடையாளமாக மறுமுனை ஏசிகே என்ற செய்தியை அனுப்ப வேண்டும். அது வராதவரை பிபிஎக்ஸ், அரை நொடி, ஒரு நொடி, இரண்டு நொடி, பிறகு நான்கு நான்கு நொடி என இடைவெளி விட்டு அதே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, 32 நொடியானதும் அழைப்பை முடித்துவிடும்.

ஏசிகே ஏன் வந்து சேரவில்லை? பெரும்பாலும், 200 ஓகேயின் கான்டாக்ட் வரியில் 192.168.1.20 போன்ற கடைக்குள் மட்டுமே செல்லுபடியாகும் முகவரி எழுதப்பட்டுப் போவதுதான் காரணம். மறுமுனை அந்த முகவரிக்கே ஏசிகேயை அனுப்ப, அது வழியிலேயே தொலைந்துபோகிறது. ஒலி மட்டும் கேட்பதற்குக் காரணம், சேவை நிறுவனத்தின் சாதனம் உங்கள் ஒலிப் பொட்டலங்கள் (ஒலித் தரவுத் துண்டுகள்) எங்கிருந்து வந்தனவோ அங்கேயே தன் பொட்டலங்களையும் திருப்பி அனுப்புவதுதான். பிபிஎக்ஸின் அமைப்புகளில் வெளி முகவரியையும் உள் வலையமைப்பின் எல்லையையும் குறிப்பிடுங்கள். ரௌட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். உதவி செய்வதாகச் சொல்லி எஸ்ஐபி செய்திகளை அரைகுறையாகத் திருத்தி, அது கெடுத்த அழைப்புகளே அதிகம். ரௌட்டருக்கு இணைய நிறுவனம் தந்திருக்கும் முகவரி 100.64-இலிருந்து 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நீங்கள் பொது முகவரியைப் பிறருடன் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அந்நிலையில் நிலையான பொது ஐபி ஒன்றைக் கேட்டு வாங்குவதே நல்லது.

கேள்வி: மேலூர் அருகே உள்ள எங்கள் கல்லூரியில் எச்.323 காணொளிக் கருவி ஒன்று இருக்கிறது. பழையது, தூக்கி எறியுங்கள் என்கிறார்கள்.

பதில்: எறிவதற்கு முன் அதன் அமைப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள், கருத்தரங்க அறைக் கருவிகள் பலவற்றில் எஸ்ஐபியும் சேர்ந்தே இருக்கும். எச்.323 என்பது 1996இல் ஐடியு என்ற பன்னாட்டுத் தொலைத்தொடர்பு அமைப்பு வெளியிட்ட, இணையவழி அழைப்புக்கான தரம். தொலைபேசி உலகத்தின் பழக்கங்களோடு பிறந்தது. அதன் செய்திகள் இரும வடிவில் இருப்பதால், தனிக் கருவி இல்லாமல் மனிதர் படிக்க முடியாது. டிசிபி 1720 என்ற போர்ட்டில் (வலையமைப்பு வாசல்) அழைப்பைத் தொடங்கி, ஒலி-ஒளி விவரங்களை முடிவுசெய்யும் எச்.245 பேச்சுவார்த்தைக்குப் பெரும்பாலும் வேறொரு இணைப்பைத் திறப்பதால் ஃபயர்வாலில் (வலையமைப்புப் பாதுகாப்பு அரண்) சிக்குவதும் உண்டு. 1999இல் வெளிவந்து 2002இல் திருத்தி எழுதப்பட்ட எஸ்ஐபியோ, வலைத்தளங்களின் எச்டிடிபியுடைய பழைய பதிப்புகளைப் போல எழுத்து வடிவிலேயே செல்கிறது. பிழை எந்த வரியில் இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். கைப்பேசியின் வோல்ட்டி (4ஜி வழிக் குரல்) அழைப்புகளும் எஸ்ஐபியில்தான் நடக்கின்றன. இருப்பதை ஓடும்வரை ஓட்டுங்கள்; புதிதாக வாங்கும்போது எச்.323 மட்டுமே பேசும் கருவியை வாங்காதீர்கள்.

கேள்வி: உசிலம்பட்டியில் சிறிய மருத்துவமனை நடத்துகிறேன். நோயாளிகள் செயலி எதையும் நிறுவாமல், உலாவியிலேயே காணொளியில் பேச வேண்டும். எஸ்ஐபியா, வெப்ஆர்டிசியா?

பதில்: இவை இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. 2021 ஜனவரியில் டபிள்யூ3சி என்ற வலைத் தர அமைப்பின் பரிந்துரையாக நிலைபெற்ற வெப்ஆர்டிசி, ஒலியையும் ஒளியையும் உலாவிகளுக்கிடையே கொண்டுசெல்லும் வேலையை வரையறுக்கிறது. யார் யாரை எப்படி அழைப்பது என்பதை வேண்டுமென்றே நிரலாளரிடம் விட்டுவிடுகிறது. அந்த இடத்தில் வெப்சாக்கெட் என்ற உலாவி இணைப்பின் வழியாக எஸ்ஐபியை வைக்கலாம், எக்ஸ்எம்பிபி என்ற அரட்டை நெறிமுறையின் அழைப்புப் பகுதியான ஜிங்கிளை வைக்கலாம், அல்லது சொந்தமாகச் சில செய்திகளை வகுத்துக்கொள்ளலாம். நோயாளி இணைப்பைத் தட்டி உள்ளே வருவது மட்டும் போதுமென்றால் மூன்றாவதே எளிது. உங்கள் தரைவழி எண்ணுக்கு வரும் அழைப்பையும் அதே திரையில் எடுக்க வேண்டுமென்றால் எஸ்ஐபி வேண்டும்.

நோயாளியின் பேச்சு என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வெப்ஆர்டிசியில் மறையாக்கம் கட்டாயம். அதை அணைக்க வழியில்லை. எஸ்ஐபியில் அப்படியன்று: டிஎல்எஸ் என்ற மறையாக்க முறையைப் போட்டால் அழைப்புச் செய்திகள் மட்டுமே மறைக்கப்படும், பேச்சை மறைக்க எஸ்ஆர்டிபியைத் தனியாக இயக்க வேண்டும். அதன் திறவுகோல், அழைப்புச் செய்தியில் ஒலி விவரங்களைச் சொல்லும் எஸ்டிபி வரியிலேயே அனுப்பப்படும் முறையில், டிஎல்எஸ் இல்லாவிட்டால் பூட்டோடு சாவியையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். மேலும், நேரடியாக இணைய முடியாத அழைப்புகளை இடையில் நின்று கடத்தித்தரும் டர்ன் சர்வர் ஒன்றை அவசியம் வையுங்கள். கைப்பேசி இணையத்திலிருந்து வரும் சில அழைப்புகள் அது இல்லாமல் இணையவே இணையா; 443ஆம் போர்ட்டில் டிஎல்எஸ் வழியாகவும் அது கேட்குமாறு அமைத்துவிடுங்கள்.

கேள்வி: எஸ்ஐபியைவிட எச்.323இல் குரல் தெளிவு அதிகம் என்பது உண்மையா?

பதில்: இல்லை. இரண்டிலும் குரலைச் சுமப்பது ஆர்டிபி என்ற நெறிமுறைதான். தெளிவைத் தீர்மானிப்பவை கோடெக்கும் (குரலை எண்வடிவமாக்கும் முறை) இணைப்பும். ஜி.711 கோடெக்குக்கு நொடிக்கு 64 கிலோபிட், பொட்டலத் தலைப்புகளைச் சேர்த்தால் ஒரு திசைக்கு ஏறத்தாழ 80 கிலோபிட் வேண்டும். ஓபஸ் என்ற கோடெக் அதைவிடக் குறைவாகக் கேட்டு, மேலும் நன்றாக ஒலிக்கும்.

கேள்வி: மதுரைக் கடைக்கும் திருமங்கலம் கிளைக்கும் இடையே, ஆஸ்டரிஸ்க்குகளை இணைக்கும் ஐஏஎக்ஸ்2 நெறிமுறையை வைக்கலாமா?

பதில்: இரு முனையிலும் ஆஸ்டரிஸ்க் இருந்தால் தாராளமாக வைக்கலாம். அழைப்புச் செய்தியும் குரலும் யுடிபி 4569 என்ற ஒரே போர்ட்டில் செல்வதால் ரௌட்டரில் ஒரு வாசலைத் திறந்தால் போதும். ஒரே நேரத்தில் பல அழைப்புகள் நடக்கும்போது ட்ரங்க் முறையில் அவற்றை ஒரே பொட்டலத்தில் சேர்த்து அனுப்பி அலைவரிசையையும் மிச்சப்படுத்தும். மேசைத் தொலைபேசிகளில் ஐஏஎக்ஸ்2 ஆதரவு மிகக் குறைவு என்பதால், ஊழியர்களின் கருவிகளை எஸ்ஐபியிலேயே விட்டுவிடுங்கள்.