பொருளாதார வரலாறு படிக்க விரும்பும் மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

மகள் பொருளாதார வரலாறுதான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், பழைய காலத்து வணிகத்தையும் நாணயத்தையும் படித்தவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானது. 'பொருளாதார வரலாற்றாளர் தேவை' என்ற விளம்பரம் பல்கலைக்கழகங்களில் இருந்துதான் வரும், அதுவும் எப்போதாவது. இதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. ஆனால் அந்தப் பதவிப் பெயரில் வேலை குறைவு என்பதால் படித்தவர்களுக்கே வேலை இல்லை என்று ஆகிவிடாது. என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: கணிதத்தோடும் புள்ளியியலோடும் சேர்த்துப் படிப்பதாக இருந்தால் தாராளமாகப் படிக்கட்டும். கணிதத்திலிருந்து தப்பிக்க இதைப் பிடித்திருக்கிறாள் என்றால் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் படிப்பு என்று நினைத்துப் பலர் இதில் சேர்ந்துவிடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஓர் உதாரணம் காட்டுகிறேன்.

1545-இல் இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசி மலையில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. அது கப்பல் கப்பலாக ஸ்பெயினுக்குப் போனது. அந்த நூற்றாண்டில் ஸ்பெயினில் விலைவாசி மூன்று மடங்குக்கும் மேல் ஏறியது. இதை 'விலைப் புரட்சி' என்பார்கள். பள்ளிப் பாடம் இங்கே முடிந்துவிடும், இந்தத் துறை இங்கேதான் தொடங்கும். நூறு ஆண்டில் மூன்று, நான்கு மடங்கு என்றால் ஆண்டுக்கு எவ்வளவு? கூட்டுவட்டிக் கணக்கில் போட்டுப் பார்த்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை சதவீதத்துக்குள்தான் வருகிறது. இன்று பல மத்திய வங்கிகள் 2 சதவீதப் பணவீக்கத்தையே இலக்காக வைத்திருக்கின்றன. அந்த வேகத்தில் நூறு ஆண்டு போனால் விலை ஏழு மடங்கு ஆகும். அப்படியென்றால் அன்றைய சின்ன ஏற்றத்துக்குப் புரட்சி என்று பெயர் வைப்பானேன்? தலைமுறைக் கணக்கில் விலை பெரிதாக நகராமல் இருந்த உலகம் அது. நீண்ட காலக் குத்தகைகளும் வாடகைகளும் விலை அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. கூலியும் விலைக்கு ஈடுகொடுத்து ஏறவில்லை.

சரி, எல்லாவற்றுக்கும் வெள்ளிதான் காரணமா? அதுவும் இல்லை. பொட்டோசி வெள்ளி பெருமளவில் வந்து சேரும் முன்பே ஐரோப்பாவில் விலைகள் ஏறத் தொடங்கிவிட்டன. மத்திய ஐரோப்பியச் சுரங்கங்களிலும் வெள்ளி வந்துகொண்டிருந்தது, கொள்ளைநோயால் குறைந்திருந்த மக்கள்தொகையும் மீண்டுகொண்டிருந்தது. எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இந்த வாதத்தை இருபக்கமும் எடைபோடத் தெரிந்த பெண்ணுக்கு, இன்றைய மத்திய வங்கியின் பணவீக்க அறிக்கை அந்நியமாக இருக்காது.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. வியன்னாவில் உள்ள ஆஸ்திரியத் தேசிய நூலகத்தில் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பப்பிரசுத் தாள் ஒன்று இருக்கிறது. எழுத்து கிரேக்கம், பேசுவது முசிறி வணிகத்தைப் பற்றி. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம்: செங்கடல் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு ஒட்டகங்களில் எகிப்தின் நைல் கரை நகரான கோப்டோசுக்கும், அங்கிருந்து நைல் வழியே அலெக்சாண்டிரியாவுக்கும் எப்படிப் போகவேண்டும், வழியில் யார் முத்திரையின் கீழ் இருக்கவேண்டும், நாலில் ஒரு பங்கு வரி என்றெல்லாம் விவரம். மறுபக்கம் ஹெர்மபோலோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பீடு. ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்). அன்றைய ரோமானியக் காலாட்படை வீரனின் ஆண்டுச் சம்பளம் 1,200 செஸ்டர்ஸ். வகுத்துப் பார்த்தால் ஐயாயிரத்துக்கும் அதிகமான வீரர்களின் ஓராண்டுச் சம்பளம் ஒரே கப்பலில்! இவ்வளவு பெரிய தொகையை யார் போட்டார்கள், கப்பல் மூழ்கினால் நட்டம் யாருக்கு, கடனுக்கு அடமானம் எது? இந்தக் கேள்விகளைத்தான் கடன் கொடுக்கும் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் இன்றைக்கும் கேட்கின்றன.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். மத்திய வங்கிகளின் ஆராய்ச்சிப் பிரிவு, நிதி அமைச்சகங்கள், உலக வங்கி போன்ற அமைப்புகள், வங்கி மற்றும் காப்பீட்டு நிறுவனங்களின் அபாய மதிப்பீட்டுப் பிரிவு, பொருளாதார இதழியல், ஆவணக் காப்பகங்கள், அருங்காட்சியகங்களின் நாணயப் பிரிவு, அப்புறம் ஆசிரியப் பணி. இவற்றில் கடைசி மூன்றில் இடங்கள் குறைவு. முதல் நான்கில் 'பொருளியலாளர்', 'ஆய்வாளர்' என்ற பெயரில்தான் உள்ளே போவாள். அதற்குத்தான் புள்ளியியல் வேண்டும் என்கிறேன்.

அபாய மதிப்பீட்டுக்கு வரலாறு எதற்கு என்று தோன்றலாம். 2008 நிதி நெருக்கடிக்கு முன், அமெரிக்காவில் நாடு முழுக்க வீட்டு விலை ஒரேயடியாகச் சரியாது என்று நம்பிக் கடன் கொடுத்தவர்கள், அண்மைக்காலத் தரவை மட்டும் பார்த்தவர்கள். 1930-களைப் பார்த்திருந்தால் அந்த நம்பிக்கை வந்திருக்காது. 2008 நெருக்கடியின்போது அந்நாட்டு மத்திய வங்கியின் தலைவராக இருந்த பென் பெர்னான்கி, 1930-களின் பெருமந்தத்தில் வங்கிகள் விழுந்ததை ஆராய்ந்தவர். அந்த ஆய்வு 2022-இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசையும் பெற்றுத் தந்தது.

2023-இல் அதே பரிசைப் பெற்ற பொருளாதார வரலாற்றாளர் கிளாடியா கோல்டின் பற்றி மகளிடம் அவசியம் சொல்லுங்கள். அமெரிக்கப் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பண்ணையிலும் குடும்பத் தொழிலிலும் உழைத்த பெண்கள் பலருக்குத் தொழில் என்ற இடத்தில் 'மனைவி' என்று மட்டும் எழுதிவிட்டார்கள். கோல்டின் வேறு ஆவணங்களைத் தேடி எடுத்துத் திருத்தியபோது, 1890-களில் வேலை பார்த்த மணமான பெண்களின் விகிதம் பதிவில் இருந்ததைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று தெரியவந்தது. ஓர் எண் கையில் கிடைத்தால், இதை யார், எதற்காக, எப்படி எண்ணினார்கள் என்று கேட்கும் பழக்கம் இது. எந்தத் தரவு வேலைக்குப் போனாலும் இதற்கு மதிப்பு உண்டு.

பாதை என்று கேட்டால், இளநிலையில் பொருளியலை எடுத்து, கணிதத்தையும் புள்ளியியலையும் விடாமல், வரலாற்றைத் துணைப்பாடமாக வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். முதுநிலையில் பொருளாதார வரலாற்றுக்குத் திரும்பலாம். இதற்கெனத் தனித்துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உலகில் குறைவு. லண்டன் பொருளியல் பள்ளியும் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகமும் அவற்றில் சில. இளநிலையில் வரலாறு எடுத்தாலும் வழி அடைபட்டுவிடாது, ஆனால் புள்ளியியலைத் தனியாகக் கற்க வேண்டியிருக்கும். முனைவர் பட்டம் பற்றி இப்போதே கவலைப்படாதீர்கள். அது பல ஆண்டு வேலை, முதுநிலை முடித்தபின் அவளே முடிவெடுக்கட்டும்.

ஒரு மொழியும் சேர்த்துக் கற்றால் நல்லது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப்டவுன் ஆகிய இடங்களில் கோடிக்கணக்கான பக்கங்களாகக் கிடக்கின்றன. பழைய கையெழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன, உண்மைதான். ஆனால் எடையிலும் அளவையிலும் மென்பொருள் தப்பாகப் படித்த இலக்கத்தைக் கண்டுபிடிக்க, அந்த மொழியும் அந்தக் கணக்குமுறையும் தெரிந்த ஆள் வேண்டும்.

சேர்வதற்கு முன் மகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்துப் பாருங்கள். பொருளியலாளர் ஆங்கஸ் மேடிசன் தொடங்கிவைத்த, நாடுகளின் நீண்டகால வருமானத் தரவுத் தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டு நாடுகளை எடுத்து 1820-லிருந்து வரைபடம் போடட்டும். பிறகு, தேசிய வருமானத்தை யாருமே கணக்கிடாத 1820-க்கு அந்த எண் எப்படி வந்தது என்று தேடிப் படித்து இரண்டு பக்கம் எழுதட்டும். வரைபடத்தோடு நின்றுவிட்டால் பொருளியலோ புள்ளியியலோ அவளுக்குப் பொருந்தும். எண்ணைக் கண்டதும் சலித்துவிட்டால் வரலாறோ தொல்லியலோ போகட்டும், அவையும் நல்ல படிப்புகள்தான். இரண்டாவது பகுதியில் மூழ்கிவிட்டாள் என்றால் தடுக்காதீர்கள்.

விண்ணப்பிக்கும்போது கல்லூரியின் பெயரை விடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். பொருளியல் அளவையியல் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராயும் பாடம்) கட்டாயப் பாடமா, மூல ஆவணத்தை வைத்து ஆய்வேடு எழுத வைக்கிறார்களா, முடித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று துறைக்கே எழுதிக் கேளுங்கள். முதல் இரண்டும் இல்லாத இடம் என்றால் அங்கே சேர வேண்டாம். நல்ல பொருளியல் துறை ஒன்றில் சேர்ந்து, விருப்பப் பாடமாக இதை எடுத்துக்கொள்வது அதைவிடப் பாதுகாப்பானது.