கரிசலில் மட்டும் கடலை மஞ்சளாவது ஏன்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எனக்கு மூன்று ஏக்கர். பாதி செங்காடு, பாதி கரிசல். இரண்டிலும் ஒரே நாளில் இறவைக் கடலை விதைத்தேன். செங்காட்டில் பயிர் நன்றாக இருக்கிறது. கரிசலில் 25ஆம் நாளிலிருந்து கொழுந்து மஞ்சளாகி வெளுக்கிறது. கும்மாயம் (சுண்ணாம்பு) போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: கரிசலில் வேண்டாம் ஐயா. மூட்டையை வாங்கியிருந்தால் ஓரமாக வைத்துவிடுங்கள்.

கும்மாயம் போடச் சொல்வதில் தப்பில்லை. கேரளத்தின் பெரும்பகுதிக்கு அது சரிதான். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிற மாநிலம். அந்த மழை மண்ணிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோய், செம்புறை மண்ணைப் புளிப்பாக்கிவிடுகிறது. உங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி அப்படியில்லை. மழை குறைவு, கரிசலில் சுண்ணாம்பு அப்படியே தங்கியிருக்கிறது. கேரளத்தில் கரிசல் மண் இருப்பதே உங்கள் பக்கத்தில்தான்.

காய்ந்த மண்ணைப் பொடியாக்கி, கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள். புசுபுசுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு தாராளமாக இருக்கிறது. அந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேருக்கு எட்டாது. அதனால்தான் கொழுந்து வெளுக்கிறது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அடி இலை முதலில் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை, சங்கதி வேறு.

10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), ஒரு எலுமிச்சம்பழச் சாறு கலந்து, சாயங்காலம் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. கரைத்த உடனே அடித்துவிட வேண்டும். செங்கல் நிறத்துக்கு மாறிய கரைசலால் பயனில்லை. அப்புறம் முக்கியமான விஷயம், தண்ணீர். செங்காட்டுக்கு விடும் அதே நாளில் கரிசலுக்கும் மடை திருப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். கரிசல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வேர் மூச்சுவிட முடியாமல் போனால் மஞ்சள் இன்னும் கூடும். பாய்ச்சல் இடைவெளியைத் தள்ளிப்போடுங்கள்.

ஜிப்சத்தையும் கும்மாயத்தையும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். ஜிப்சம் மண்ணின் புளிப்பை மாற்றாது. காய் திரள உதவும். ஏக்கருக்கு 160 கிலோ, 40-45ஆம் நாளில் மண் அணைக்கும்போது செங்காட்டுக்குப் போடலாம்.

அடுத்த போகத்தில் கடலையைச் செங்காட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காய் பிடிக்கிற விழுது மண்ணில் எளிதாக இறங்கும், பிடுங்கினால் காயோடு வரும். கரிசல் காய்ந்து இறுகினால் செடி கையோடு வரும், பாதிக் காய் மண்ணுக்குள்ளேயே கிடக்கும்; பொறுக்குகிற கூலி கட்டாது. அங்கே பருத்தியோ சோளமோ வையுங்கள். கரிசலிலும் கடலைதான் என்றால், விதைக்கும் முன் ஏக்கருக்கு 10 கிலோ அன்னபேதியை மக்கிய தொழுவுரத்தோடு கலந்து இடுங்கள்.

செங்காட்டுக்குக் கும்மாயம் வேண்டுமா என்பதைப் பரிசோதனை பார்த்துத்தான் சொல்ல முடியும். கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) மண் கொடுக்கும்போது இரண்டு காட்டு மண்ணையும் ஒரே பையில் போட்டுவிடாதீர்கள்.