தொடர்மாடியில் வெடி கொளுத்தலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒரு ஒழுங்கையில், தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அப்பா. அப்பாவுக்கு 76 வயது. கிளிநொச்சியில் இருந்தவர். 2009இல் போரின் கடைசிக் கட்டத்தில் முள்ளிவாய்க்கால் வரை போய், இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் ஃபாம் முகாமில் இருந்துவிட்டு எங்களிடம் வந்தார். வெடிச் சத்தம் கேட்டால் நடு அறைக்குள் போய்ச் சுவரோடு குந்திவிடுவார். சத்தம் நின்ற பிறகும் கனநேரம் எழும்ப மாட்டார்.

போன தீபாவளிக்கு மேல் மாடியில் இருப்பவர்கள் பல்கனியிலும் கீழே வாகனங்கள் நிறுத்தும் இடத்திலும் இரவு பதினொன்றரை வரை வெடி கொளுத்தினார்கள். மேலே போய் மரியாதையாகத்தான் கேட்டேன். அந்த வீட்டு அங்கிள் சொன்னார்: "சித்திரை வருஷத்துக்கு சிங்கள ஆட்கள் விடிய விடியக் கொளுத்துறாங்கள். அப்ப போய் யாரையாவது கேட்டனீங்களா? எங்களுக்கு வருஷத்தில ஒரு நாள். அதையும் எங்கட ஆட்களே நிப்பாட்டச் சொன்னால் என்ன செய்யிறது?" எனக்குப் பதில் வரவில்லை. பேசாமல் இறங்கி வந்துவிட்டேன். என் பிள்ளைகளும், மற்றப் பிள்ளைகள் எல்லாம் கொளுத்துகிறார்கள், எங்களுக்கு மட்டும் மத்தாப்புக்கூட இல்லையா என்று அழுதார்கள்.

நான் கேட்டது பிழையா? இந்த முறை தீபாவளியன்று அப்பாவை மட்டும் தெஹிவளையில் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விடலாமா என்றும் யோசிக்கிறேன்.

– ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் கேட்டது பிழையில்லை. ஆனால் அந்த அங்கிள் சொன்னதை அப்படியே தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று கொழும்பில் இருந்த தமிழருக்குத் தெரியும்.

போர்க்காலத்தில் வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை வாங்கி, பிறந்த ஊரைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். 2007 ஜூன் மாதம் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டே அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் அது நின்றது. இப்படிப்பட்ட வருடங்களைக் கடந்து வந்த ஒருவர் தன் வீட்டு வாசலில் நின்று, யாருக்கும் பயப்படாமல் வெடி கொளுத்துகிறார் என்றால் அதில் அவருக்கு ஒரு நிம்மதி இருக்கும். அதை நான் மதிக்கிறேன். தீபாவளியைச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு கொண்டாடுங்கள் என்று எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதே கொழும்பில் இன்னொரு வெடிச் சத்தமும் கேட்டது. 2009 மே மாதம் போர் முடிந்தது என்ற செய்தி வந்ததும் வீதி வீதியாக வெடி கொளுத்தினார்கள். அந்த நேரம் வன்னியில் சொந்தக்காரர் இருந்த எத்தனையோ வீடுகளில், ஆள் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் யன்னலைச் சாத்திக்கொண்டு போனைப் பார்த்தபடி இருந்தோம். உங்கள் வீடும் அப்படித்தான் இருந்திருக்கும். வெளியே கொளுத்தியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. அந்த யோசனையைத்தான் அன்றைக்கு நாம் எதிர்பார்த்தோம். இன்றைக்கு உங்கள் அப்பாவுக்காக நீங்கள் மேல் மாடியிடம் கேட்பதும் அதையேதான். அங்கிளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு விளங்காமல் போகாது.

சித்திரை வருடப்பிறப்புக்கு ஏன் கேட்கவில்லை என்று அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். அப்போதும் கேட்க வேண்டும். நாம் கேட்காததற்குக் காரணம் தயக்கம். சிங்கள வீட்டுக் கதவைத் தட்டி இதைச் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்ற பழைய தயக்கம். எங்கள் ஒழுங்கையில் அப்படித் தயங்கித் தயங்கி ஒருமுறை பேச்சை எடுத்தபோது, எதிர் வீட்டுச் சிங்கள அம்மா ஒருவர்தான் முதலில் என் பக்கம் நின்றார். அவருடைய மகன் இராணுவத்தில் இருந்து காலில் காயப்பட்டு வந்தவர். ஏப்ரலில் வெடி தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுவாராம். இதை வெளியே சொல்ல அந்த அம்மாவுக்கு அதுவரை ஒரு சந்தர்ப்பமும் கிடைக்கவில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபோது அந்தப் பக்கம் இருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் திடீர்ச் சத்தத்துக்குத் துடித்துப் போகிறவர்கள் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று எல்லாரிலும் இருப்பார்கள். இதைத் தமிழர் சிங்களவர் கணக்காக்கினால் அவர்கள் ஒருவருக்கும் பதில் கிடைக்காது.

சித்திரை வெடியில் ஒரு நல்ல விஷயம் உண்டு. வருடம் பிறக்கும் நேரம், அடுப்பு மூட்டும் நேரம், முதல் சாப்பாட்டு நேரம் எல்லாம் முன்கூட்டியே பேப்பரிலும் டிவியிலும் வந்துவிடும். பெரும்பாலான வெடி அந்த நேரங்களை ஒட்டித்தான் வெடிக்கும். நேரம் தெரிந்தால் ஆளைத் தயார்ப்படுத்தலாம். "அப்பா, இன்னும் பத்து நிமிஷத்தில சத்தம் கேட்கும், பக்கத்து வீட்டுக்காரர்தான்" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கலாம். போரைக் கண்டவரின் உடம்பு, இது வெடி என்று மனம் சொல்வதற்கு முன்பே திடுக்கிட்டுவிடும். முன்கூட்டித் தெரிந்தால் அந்தத் திடுக்கிடல் முழுதும் போகாவிட்டாலும் குறையும். கைக்குழந்தைக்கும் வீட்டு நாய்க்கும்கூட இது உதவும்; யன்னலைச் சாத்தி, பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்து, நாயைக் கட்டிலுக்குக் கீழே படுக்க விடலாம். கிரிக்கெட் வெற்றிக்கும் தேர்தல் முடிவுக்கும் நடுச்சாமத்தில் கொளுத்துகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய பிரச்சினை. போன தீபாவளிக்கு உங்கள் மேல் மாடி செய்ததும் ஏறக்குறைய அதுதான். எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று கீழே இருப்பவர்கள் ஒருவருக்கும் தெரியாது.

அப்புறம் இடம். யாழ்ப்பாணத்தில் தைப்பொங்கலன்று பால் பொங்கி வழியும்போது முற்றத்தில் சீனவெடி கொளுத்துவோம். அது பெரிய வளவு. அடுத்த வீடு வேலிக்கு அப்பால், பனைகளுக்கு அப்பால் இருக்கும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். வெள்ளவத்தை ஒழுங்கையில் அப்படிக் குறைவதில்லை. இரண்டு பக்கமும் ஐந்தாறு மாடிச் சுவர்கள் நிற்கின்றன. சத்தம் சுவருக்குச் சுவர் மோதி மேலே ஏறி, ஒவ்வொரு யன்னலுக்குள்ளும் போகிறது. பிள்ளைகளின் காதுக்குப் படும் உச்சச் சத்தம் 120 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்ன அளவு. கையெட்டும் தூரத்தில் வெடிக்கும் வெடி இதைச் சுலபமாகத் தாண்டும். புகையும் அப்படித்தான்; கடற்காற்று வெளியில் இருப்பதைத்தான் கொண்டுபோகும். படிக்கட்டுக்குள் புகுந்த புகை அங்கேயே நிற்கும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு அந்த இரவு எப்படிப் போகும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

பல்கனியில் கொளுத்துவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன். கொழும்புத் தொடர்மாடிகளில் பல்கனியில்தான் உடுப்புக் காயும், பல வீடுகளில் காஸ் சிலிண்டரும் அங்கேதான் இருக்கும். 2021 கடைசியில் நாடு முழுக்க வீடுகளில் காஸ் வெடிப்புகள் நடந்தபோது எவ்வளவு பயந்தோம்! அதே சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்று நெருப்புப் பொறியைப் பறக்க விடுகிறோம். மேல் மாடியில் இருந்து விழும் பொறி கீழ் மாடிக் கொடியில் காயும் நைலோன் உடுப்பில் விழுந்தால், யாரிடம் அனுமதி கேட்டுக் கொளுத்தினார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடும்.

கடற்கரைக்குப் போய்க் கொளுத்தலாமே என்று சிலர் சொல்வார்கள். வெள்ளவத்தையில் கடலுக்குப் போக மரைன் டிரைவையும் தாண்டி ரயில் பாதையையும் கடக்க வேண்டும். இருட்டில், வெடிச் சத்தத்துக்கு நடுவில், சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தண்டவாளம் கடப்பது பல்கனியை விட ஆபத்து. அதை நான் சொல்ல மாட்டேன்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. வெடி செய்யவும் விற்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் ஒரு வழக்கில் சொன்னது. அது ஒலிபெருக்கிக்குச் சொன்னது, வெடிக்கு அல்ல. ஆனாலும் இரவு 10 மணிக்குப் பிறகு அடுத்தவனின் தூக்கம் அவனுடையது என்று நாட்டின் மேல்மட்ட நீதிமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பொதுத் தொல்லை என்பது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம்தான். பொலிஸை 119இல் அழைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நாளைக்கும் அதே லிஃப்டில் அவர்களோடுதான் ஏறி இறங்க வேண்டும். அதனால் பண்டிகைக்கு முன்பே, வெளிச்சமாக இருக்கும் நேரத்தில் போய்ப் பேசுங்கள். கொளுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் போனால் யாரும் கேட்க மாட்டார்கள்.

போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம், பலகாரம் கொண்டு போங்கள். கணவரையும் கூட்டிப் போங்கள். அப்பாவைப் பற்றி ஒளிக்காமல் சொல்லுங்கள். முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவர் என்று சொல்வதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. போன முறை நீங்கள் இதைச் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சத்தத்தைக் குறைக்கத்தான் கேட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அங்கிளுக்குத் தெரிந்ததெல்லாம், கீழ் வீட்டுப் பெண் வந்து பண்டிகையை நிறுத்தச் சொன்னாள் என்பதுதான். பிறகு இப்படிக் கேளுங்கள்: சீனவெடிக் கட்டும் ஈர்க்குவாணமும் வேண்டாம். மத்தாப்பு, தரைச் சக்கரம் போன்ற வெளிச்சம் தருபவை மட்டும். பல்கனியில் இல்லை, கீழே, வாகனங்களை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு. இரவு ஏழு மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடிக்கலாம். தொடர்மாடியின் வாட்ஸ்அப் குழுவில் அந்த நேரத்தை முதல் நாளே போடட்டும். அதை அங்கிளே போட்டால் இன்னும் நல்லது. அவரை முன்னால் நிறுத்துங்கள்; அது அவருடைய பண்டிகையாகவும் இருக்கட்டும்.

உங்கள் பிள்ளைகளையும் அன்றைக்குக் கீழே அனுப்புங்கள். தாத்தாவுக்காக அவர்கள் ஒரு மத்தாப்புக்கூடப் பிடிக்கக் கூடாது என்றால் அந்தக் கசப்பு தாத்தா மேல்தான் போய் விழும். ஆனால் மத்தாப்பு பாவம், ஒன்றும் செய்யாது என்று நினைக்க வேண்டாம். அதன் நுனி 1000 பாகை செல்சியஸுக்கு மேலும் சூடாகும். எரிந்து முடிந்த கம்பியை மிதித்துக் காலைச் சுட்டுக்கொண்ட பிள்ளைகள் நிறையப் பேர். பருத்தி உடுப்பும் செருப்பும் போடுங்கள், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், முடிந்த கம்பி நேரே வாளிக்குள். வெடிக்காத வெடியை மறுநாள் காலை பொறுக்கி, மருந்தைக் கொட்டிக் கொளுத்தும் விளையாட்டு நம் ஊர்ப் பொடியன்களுக்குப் பழக்கம். விரலும் கண்ணும் போவது அதில்தான். அன்றிரவே தண்ணீர் ஊற்றிக் கூட்டி அள்ளிவிடச் சொல்லுங்கள். தப்பித் தவறிச் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓட விட்டுப் பிடியுங்கள். பற்பசையும் ஐஸும் வேண்டாம். கண்ணில் பட்டால் கசக்க விடாமல் லிப்டன் சுற்றுவட்டத்தில் உள்ள கண் ஆஸ்பத்திரிக்கு நேரே கொண்டு போங்கள். அம்புலன்சுக்கு 1990.

இவ்வளவுக்குப் பிறகும் அங்கிள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படியானால் நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள், பல்கனி நெருப்பை மட்டுமாவது அவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும். அது உங்கள் அப்பாவுக்காக மட்டும் இல்லை, கட்டடத்தில் உள்ள எல்லாருடைய உயிருக்கும்.

இனி அப்பாவைத் தங்கச்சி வீட்டில் விடுவது பற்றி. வேண்டாம் என்பதுதான் என் பதில். தெஹிவளையிலும் தீபாவளிதான், அங்கேயும் சத்தம் இருக்கும். அந்த வீட்டில் அவருக்கு நடு அறை எது, சுவர் எது என்றுகூடப் பழக்கமில்லை. அதோடு, பண்டிகை நாளில் தன்னை மட்டும் வேறு வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று அவருக்குத் தெரியாமல் போகுமா? வீடு வாசலை விட்டு எத்தனை தரம் அவர் இடம் மாறிவிட்டார். இனி அவர் எங்கும் போக வேண்டியதில்லை. காலையில் எண்ணெய் வைத்து முழுக வையுங்கள், புது வேட்டியைக் கொடுங்கள், பிள்ளைகளை விழுந்து கும்பிடச் சொல்லுங்கள். ஏழு மணிக்கு முன்பே சாப்பாடு கொடுத்துவிட்டு நடு அறையில் விளக்கைப் போட்டு, நீங்களோ உங்கள் கணவரோ அவருக்குப் பக்கத்தில் இருங்கள். ஏழரைக்குப் பிறகு பிள்ளைகள் மேலே வந்து, கீழே என்ன என்ன கொளுத்தினோம் என்று அவருக்குச் சொல்லட்டும்.

அன்புடன்,
அக்கா