தினமும் கையில் புழங்கும் டூல்கள்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பதினான்கு வருடமாக பேக்எண்ட் வேலை. தினமும் என்னென்ன டூல் வைத்து வேலை செய்கிறீர்கள் என்று பலர் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, நான் மூன்றாம் வருடம் படிக்கிறேன். லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான். விஎஸ் கோடும் குரோமும் சேர்த்துத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. டெர்மினலில் ஓடும் எடிட்டரான விம் கற்றுக்கொள்ளலாமா?

கற்றுக்கொள் தம்பி, ராமுக்காக மட்டும் இல்லை. நாளைக்கு வேலைக்குப் போனதும் ஏதாவது ஒரு சர்வரில் கான்ஃபிக் ஃபைலைத் திருத்தச் சொல்வார்கள், அங்கே பெரும்பாலும் விஐ என்ற பழைய எடிட்டர் ஒன்றுதான் இருக்கும். பில் ஜாய் 1976-இல் எழுத ஆரம்பித்தது அது, அதன் வழியில் பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்டது விம். டெர்மினலில் விம்டியூட்டர் என்று அடித்தால் அரை மணி நேரப் பாடம் ஒன்று திறக்கும். இன்று அதை முடி, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை முடி, போதும். எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன்: கர்சர் மேற்கோள் குறிகளுக்குள் எங்கே இருந்தாலும் சரி, சி, ஐ, அப்புறம் ஒரு இரட்டை மேற்கோள், மூன்றே எழுத்து. உள்ளே இருந்தது முழுக்கப் போய், புதிதாக எழுதக் கர்சர் தயாராக நிற்கும். ஒரு மாதத்தில் விரலே இதைச் செய்துவிடும்.

விஎஸ் கோடை விட்டால் ஆட்டோகம்ப்ளீட் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். ஆட்டோகம்ப்ளீட் தருவது பின்னால் ஓடும் லாங்குவேஜ் சர்வர் என்ற புரோகிராம். எடிட்டர் அதோடு பேசும் முறையான லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலை மைக்ரோசாஃப்ட் 2016-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டதால், விம்மின் புதிய வடிவமான நியோவிம்மிலும் அதே வசதி கிடைக்கிறது. ஆனால் அந்த லாங்குவேஜ் சர்வரும் ராம் தின்னும், 4 ஜிபியில் எல்லா மொழிக்கும் போட்டுவிடாதே.

கிட் ரீசெட் ஹார்டு கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் வேலை காணோம். டீம் லீடிடம் இன்னும் சொல்லவில்லை. ப்ளீஸ்!

முதலில் வேறு எந்த கமாண்டும் அடிக்காதீர்கள். கோடின் மாற்றங்களை வரலாறாக வைத்திருக்கும் டூல்தான் கிட், அதில் ஒரு நிலையைப் பதிவு செய்வது கமிட், ஃபைல்களைப் பழைய கமிட்டுக்கே தள்ளிவிடுவது ரீசெட் ஹார்டு. கமிட் செய்திருந்தீர்களா? செய்திருந்தால் வேலை பத்திரமாக இருக்கிறது. கிட் ரீஃப்ளாக் என்று அடியுங்கள். ஹெட் (நீங்கள் இப்போது நிற்கும் கமிட்) எங்கெங்கே நின்றது என்ற வரலாறு வரிசையாக வரும், ரீசெட்டுக்கு முந்தைய வரியில் இருக்கும் அடையாள எண்ணை எடுத்து, அதிலிருந்து புது பிராஞ்ச் (தனிக் கிளை) ஒன்று போடுங்கள். எந்த பிராஞ்சிலும் சேராத கமிட்டுகளின் பதிவைக்கூட கிட் சாதாரணமாக 30 நாள் வைத்திருக்கும்.

கமிட் செய்யாமல் ஆட் மட்டும் (அடுத்த கமிட்டுக்கு எடுத்து வைப்பது) செய்திருந்தால் கிட் எஃப்எஸ்சிகே என்று அடியுங்கள், லாஸ்ட் ஃபவுண்ட் ஆப்ஷனோடு. ஃபைல் பெயர் இல்லாமல் உள்ளடக்கம் மட்டும் கிடைக்கும், ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான். ஆடும் செய்யவில்லை என்றால் கிட்டிடம் எதுவும் இல்லை, எடிட்டரின் லோக்கல் ஹிஸ்டரியைத் தேடுங்கள். எதுவானாலும் லீடிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

கிட்டில் பைசெக்ட் என்று ஒன்று இருக்கிறதாமே, நிஜமாகவே யாராவது பயன்படுத்துகிறார்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எந்த கமிட்டில் தப்பு நுழைந்தது என்று வரலாற்றைப் பாதி பாதியாக வெட்டித் தேடித் தருவது பைசெக்ட். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் கிட்டைத் தொடங்கியது லினக்ஸ் கெர்னலுக்காக. உலகெங்கும் இருந்து பேட்ச் (கோடு மாற்றம்) வந்து குவிகிற இடத்தில் எது உடைத்தது என்று கண்டுபிடிக்கும் வழி எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

முன்பு ஒரு இடத்தில் பில்லிங் கோடு பார்த்துக்கொண்டிருந்தேன். சில பில்களில் மட்டும் ஒரு ரூபாய் குறைகிறது என்று புகார். எல்லா பில்லிலும் இல்லை, அதுதான் தலைவலி. மூன்று பேர் இரண்டு நாளாக வரி கணக்கிடும் இடத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் தப்பாக வந்த ஒரு பில்லை எடுத்து, சரியான தொகை வந்தால் பூஜ்ஜியம், வராவிட்டால் ஒன்று என்று முடிகிற பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதினேன். மூன்று மாதத்துக்கு முந்தைய ரிலீஸ் நல்லது, இன்றையது கெட்டது என்று சொல்லி, அந்த ஸ்கிரிப்டோடு கிட் பைசெக்ட் ரன் கொடுத்தேன். நடுவில் சுமார் 1,200 கமிட். ஒவ்வொரு முறையும் பாதியாக வெட்டிக்கொண்டே போவதால் 11 சோதனையில் முடிந்தது, நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள்.

மாட்டியது, கோடைச் சுத்தம் செய்தேன் என்று தலைப்பிட்ட ஒரு சின்ன கமிட். பைதானின் டெசிமல் மாட்யூலில் அரை ரூபாயை மேலே ஏற்று என்று இருந்ததை எடுத்துவிட்டு, பைதானின் சாதாரண ரவுண்டைப் போட்டிருந்தார்கள். பைதான் 3-இல் அது சரிபாதியாக நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். 113.50 என்றால் 114, அது சரி. 112.50 என்றால் 112! அதனால்தான் சில பில்லில் மட்டும். அந்த இடம் வரி கணக்கிலேயே இல்லை, பிரிண்ட் எடுக்கும் பகுதியில் இருந்தது. எத்தனை நாள் படித்திருந்தாலும் அங்கே போயிருக்க மாட்டோம்.

தமிழ் டேட்டாவில் கிரெப் சரியாக வேலை செய்யுமா? ஃபைலில் கண்ணுக்குத் தெரிகிற "கொடி" என்ற சொல் தேடினால் பாதி இடங்களில் கிடைக்கவில்லை.

ஃபைலுக்குள் சொல் தேடும் கமாண்டான கிரெப் மேல் தப்பில்லை. ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக ஒன்று, கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாக இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், உள்ளே பைட் வேறு. கிடைக்காத வரி ஒன்றை, பைட்டுகளை அப்படியே காட்டும் எக்ஸ்எக்ஸ்டி வழியாக அனுப்பிப் பாருங்கள். "கொ" 6 பைட்டாக இருக்க வேண்டிய இடத்தில் 9 பைட் இருந்தால் இதுதான் சங்கதி. பைதானில் யூனிகோடுடேட்டா மாட்யூலின் நார்மலைஸுக்கு என்எஃப்சி வடிவம் (தனித்தனிக் குறிகளை ஒரே குறியாகச் சேர்ப்பது) கொடுத்து ஃபைலை ஒருமுறை மாற்றி எழுதிவிடுங்கள், தேடும் சொல்லையும் அதே வழியில் மாற்றுங்கள். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான்.

நீளம் எண்ணும்போதும் கவனம். "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து, பைதானின் லென் 5 என்று சொல்லும், யூடிஎஃப்-8 ஃபைலில் 15 பைட். பெயர் புலத்துக்கு இருபது எழுத்து போதும் என்று முடிவு செய்யும் ஒவ்வொரு கூட்டத்திலும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. நம் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டு அச்சாவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

பெரிய ரெப்போவில் (கிட் பார்த்துக்கொள்ளும் கோடு ஃபோல்டர்) தேட, கிரெப் போன்ற ரிப்கிரெப் போட்டுக்கொள்ளுங்கள், கிட் கண்டுகொள்ள வேண்டாம் என்று கிட்இக்னோரில் பட்டியலிட்டிருப்பதைத் தானாகவே விட்டுவிடும்.

வீட்டிலிருந்து வேலை. கரண்ட் போனால் வைஃபையும் போகிறது, சர்வரில் ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட்டும் செத்துவிடுகிறது.

டிமக்ஸ், டெர்மினலை சர்வரிலேயே திறந்து வைத்திருக்கும் டூல். சர்வருக்குள் போனதும் முதல் வேலையாக அதைத் திறந்து, உள்ளே ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். லைன் அறுந்தாலும் செஷன் சர்வரிலேயே உயிரோடு இருக்கும், கரண்ட் வந்ததும் டிமக்ஸ் அட்டாச் என்றால் விட்ட இடம்.

பிரிண்ட் போட்டு டீபக் செய்வது தப்பா சார்? ஆபீஸில் ஒருவர் திட்டினார்.

சார் இல்லை, அக்கா. தப்பே இல்லை, நானும் தினமும் போடுகிறேன். ஆனால் ஒரே இடத்தில் நான்காவது பிரிண்ட் போடும்போது நிறுத்திவிட்டு, பைதான் என்றால் பிரேக்பாயிண்ட் என்று ஒரு வரி எழுதுங்கள். ஓட்டம் அங்கே நிற்கும், எந்த வேரியபிளில் என்ன இருக்கிறது என்று நேரே கேட்டுக்கொள்ளலாம்.

ஏஐ கோடு எழுதித் தருகிற காலத்தில் இதெல்லாம் எதற்கு?

நானும் அதை வைத்து எழுதுகிறேன், நேரம் மிச்சமாகிறது. அது வந்தபிறகு நான் அதிகம் பயன்படுத்துவது கிட் ஆட், பேட்ச் ஆப்ஷனோடு. மாறியதைத் துண்டு துண்டாகக் காட்டி, இதைச் சேர்க்கவா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கும். போன வாரம் டைம்அவுட் ஒன்றை மாற்றச் சொன்னேன், மாற்றியது. ஐந்தாவது துண்டில் பார்த்தால், நான் கேட்காமலேயே ஒரு எக்ஸப்ஷனை (ஓடும்போது எழும் பிழையை) பிடித்து எதுவும் செய்யாமல் விட்டிருந்தது. பேமெண்ட் தோற்றாலும் லாகில் ஒரு வரிகூட வந்திருக்காது. வேண்டாம் என்பதற்கான 'n' எழுத்தை அடித்து அந்தத் துண்டைத் தள்ளிவிட்டு மற்றதை மட்டும் கமிட் செய்தேன்.