கொட்டிலில் கிடந்த பழைய செயின் சோவைத் திருத்தி வேலைக்கு எடுக்கலாமா, புதுச் சீன மெசின் வாங்குவதா?

மாமாவின் பழைய ஸ்ரில் (Stihl) 070 செயின் சோ பத்து வருடமாகக் கொட்டிலில் கிடக்கிறது, வளவில் விழுந்த பனை இரண்டையும் ஒரு வேம்பையும் அரிய வேண்டும், கயிறு இழுத்தால் சுற்றுகிறது ஆனால் ஸ்ராட் வரவில்லை, இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கவா, மெசினில் மாற்றம் ஏதும் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இழுக்காதேங்கோ. முதல் வேலை அதுதான்.

என்னிடம் இருப்பதும் அதே 070. பெரியப்பாவினுடையது. அவர் மரக்காலையில் நின்றவர். 95இல் யாழ்ப்பாணத்துச் சண்டையில் வலிகாமத்தை விட்டு எல்லாரும் இடம்பெயர்ந்தபோது, சைக்கிள் கரியரில் மற்றவர்கள் அரிசிமூட்டை கட்ட, இவர் இந்த மெசினைக் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனார் என்று பெரியம்மா இன்றைக்கும் ஏசுவா. செயின் ஓடும் அலகு, அதாவது பார், இல்லாமலே பத்துக் கிலோவுக்கு மேல் பாரம். நான் அதைக் கையில் எடுத்தபோது சைலன்சர் ஓட்டைக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. நானும் உங்களைப் போல நாலு இழுவை இழுத்திருந்தால் அந்த மண் சிலிண்டருக்குள் அரைபட்டிருக்கும்.

ஆகவே முதலில் சைலன்சரைக் கழற்றுங்கள். இரண்டு மூன்று போல்ற்தான். துருப்பிடித்திருந்தால் முதல் நாள் பின்னேரமே டீசல் ஊற்றி ஊற விடுங்கள், முறுக்கி உடைக்க வேண்டாம். ரோச் அடித்து உள்ளே பாருங்கள், பிஸ்டனின் பக்கவாட்டுத் தெரியும். அது கதை முழுவதையும் சொல்லிவிடும். புகை போகும் பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாகக் கீறல் என்றால், ஓயில் குறைவாக ஓடியது அல்லது எங்கோ காற்று ஒழுகிப் பெற்றோல் மெலிந்து சூடேறியது. காபரேற்றர் பக்கத்தில் மங்கலாக, மணல்தாள் தேய்த்தது போல இருந்தால், பில்டருக்குள்ளால் தூசி போயிருக்கிறது. இரண்டு பக்கமும் பளபளப்பென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மெசின் சும்மா கிடந்ததால்தான் படுத்திருக்கிறது.

என்னுடையதில் புகைப் பக்கம் உழுத வயல் மாதிரி இருந்தது. காரணம் தேடப் போனால் பழைய கதை வந்தது. சண்டை நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் ஏது? மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில்தான் ஓடியது, ஸ்ராட் பண்ண மட்டும் ரெண்டு சொட்டுப் பெற்றோல். பெரியப்பா இந்த மெசினையும் மண்ணெண்ணெயில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். பங்கருக்குப் பனங்குற்றி அரிய வேறு வழியில்லை. மெசின் ஓடியது, ஆனால் புகை வாசல் பாதிக்கு மேல் கரி. ரிங் இரண்டும் பள்ளத்துக்குள் கரியால் ஒட்டிக்கிடந்தன. கையால் தள்ளினால் அசையவில்லை.

சிலிண்டரைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் காசு மிச்சமாவதும் போவதும் இங்கேதான். இந்தச் சிலிண்டருக்கு உள்ளே கடினமான பூச்சு உண்டு. லேத்தில் உட்புறத்தைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடும் மோட்டார் சைக்கிள் சங்கதி இங்கே சரிவராது. நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் எங்கும் தட்டாவிட்டால் பூச்சுத் தப்பிவிட்டது, ஒட்டியிருப்பது பிஸ்டனில் இருந்து உரிந்த அலுமினியம் மட்டும்தான். அதைக் கழுவ மலசலகூடம் கழுவும் அசிட்டை ஊற்றச் சொல்லி ஒருவர் எனக்குப் புத்தி சொன்னார். பூச்சுக் குரோமாக இருந்தால் அசிட் அதையும் சேர்த்துத் தின்னும். நான் 400ஆம் இலக்க மணல்தாளை ஓயிலில் நனைத்து, ஒட்டிய இடத்தில் மட்டும், இரண்டு பின்னேரம் குந்தியிருந்து தேய்த்தேன். அலுமினியம் போய்ப் பூச்சு நின்றது. நகம் தட்டினாலோ, வேறு நிறத்தில் திட்டுத் தெரிந்தாலோ சிலிண்டரும் மாற்றத்தான் வேண்டும். 070க்கு சீனத்துப் பிஸ்டன், சிலிண்டர் கிடைக்கும். பரவாயில்லை என்று சொல்லலாம், ஆனால் கூட வரும் பிஸ்டன் ஊசிக் கிளிப்பை நான் நம்பமாட்டேன். நல்ல கிளிப்பாகத் தேடி வாங்குங்கள். அது கழன்றால் உள்ளே எல்லாவற்றையும் கிழித்துவிடும்.

கழற்றும்போது நான் விட்ட பிழையையும் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் சுற்றாமல் இருக்கப் பிளக் ஓட்டைக்குள்ளால் ஸ்குறூ டிறைவரை விட்டேன். பிறகு கிளச்சை வழக்கமான பக்கத்துக்குத் திருப்பினேன். வரவில்லை. பைப்பைப் போட்டு நீட்டித் திருப்பினேன். பிஸ்டன் தலையில் கிண்ணம் மாதிரி ஒரு குழி விழுந்ததுதான் மிச்சம். பெரும்பாலான செயின் சோக்களில் கிளச் பக்கம் இடக்கைப் புரி, எதிர்ப்பக்கம்தான் கழற்ற வேண்டும். பிளக் ஓட்டைக்குள் நைலோன் கயிற்றைச் சுருட்டி விட்டால் போதும், பிஸ்டன் அதில் மெத்தையாக முட்டி நிற்கும். எப்படியும் மாற்ற இருந்த பிஸ்டன் என்பதால் தப்பினேன்.

இனி எல்லாரும் விடுகிற பிழை. பிஸ்டன் புதிது, ரிங் புதிது, பிளக் புதிது என்று போட்டு ஸ்ராட் பண்ணி, ஒரு கிழமையில் திரும்பவும் பிஸ்டனைக் கீறி எடுப்பார்கள். முதற் பிஸ்டன் ஏன் கீறியது என்று பார்க்காததுதான் காரணம். டூ ஸ்ரோக் மெசினின் அடிவயிறு காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். கிராங்கின் இரண்டு பக்கத்து ஓயில் சீலும் பத்திருபது வருடத்தில் கல்லாக இறுகிவிடும். அதற்குள்ளால் காற்று உறிஞ்சினால் பெற்றோலும் ஓயிலும் மெலியும், மெசின் தானாக வேகம் எடுக்கும், அக்சிலேற்றரை விட்டாலும் உடனே இறங்காது. "என்ன வேகம் பார்" என்று ஆள் மகிழ்ந்துகொண்டு நிற்கும்போதே உள்ளே பிஸ்டன் உருகத் தொடங்கியிருக்கும்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. புகை வாசலையும் காபரேற்றர் வாசலையும் சைக்கிள் ரியூப் துண்டு வைத்து இறுக்கி மூடுங்கள். பழைய பிளக் ஒன்றின் உள்ளை உடைத்தெடுத்து, அதில் ஒரு குழாயைப் பொருத்துங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்தால் மேலறையும் அடியறையும் ஒன்றாகிவிடும். காற்று அடிக்க நான் எடுத்தது அம்மாவின் பழைய பிரஷர் பார்க்கும் கருவி. அந்த மானி 300 மில்லிமீற்றர் பாதரசம் வரை காட்டும். அது கிட்டத்தட்ட 0.4 பார், இந்த வேலைக்கு அளவான அழுத்தம். ரயருக்கு அடிக்கும் கொம்பிரஸரைக் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ, சீலைத் தள்ளிவிடும். முள் இறங்குகிறதா பாருங்கள். இறங்கினால் சவர்க்காரத் தண்ணீர் தடவ, ஒழுகும் இடம் குமிழி விட்டுக் காட்டும். எனக்குப் பிளைவீல் பக்கத்துச் சீல் பால் பொங்கியது மாதிரிப் பொங்கியது. சீலின் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றையும் அளந்துகொண்டு போனால் டவுனில் எடுக்கலாம், மெசின் பெயர் சொல்லத் தேவையில்லை. பெயாரிங்கும் அப்படித்தான், அதன் முகத்திலேயே இலக்கம் இருக்கும். இலக்கத்துக்குப் பின்னால் சி3 என்று போட்டிருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள், சூட்டில் விரியக் கொஞ்சம் இடம் விட்ட வகை அது.

காபரேற்றர் பெரிய வித்தை இல்லை. உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வு காய்ந்திருக்கும், சவ்வும் ஊசியும் கசெற்றும் உள்ள கிற் ஒன்று போடுங்கள். ராங்கிக்குள் பெற்றோல் உறிஞ்சும் குழாயையும் மாற்றுங்கள். பழைய மொடலென்றால் பொயின்ற் (திறந்து மூடும் தொடுமுனை) வைத்த இக்னிசன். பொயின்றைத் துடைத்து 0.4 மில்லிமீற்றர் இடைவெளி வையுங்கள், பொறி வரும்.

டியூனிங்கைக் காதால் செய்ய வேண்டும். காபரேற்றரின் இரண்டு ஊசியையும் ஒரு சுற்று திறந்து தொடங்குங்கள். சூடேறிய பிறகு முழு அக்சிலேற்றரில் மெசின் கொஞ்சம் தடுமாறிக் கரகரக்க வேண்டும். மரத்துக்குள் இறக்கியதும் அந்தக் கரகரப்புப் போய்ச் சத்தம் தெளிய வேண்டும். வெறுமனே பிடிக்கும்போதே சத்தம் கூராக, வடிவாக இருந்தால் அது மெலிந்த கலவை, அந்த அழகுக்கு ஆசைப்படாதேங்கோ. ஓயில் லீற்றருக்கு 40 மில்லி, அதாவது 25க்கு 1. புகை கொஞ்சம் கூடத்தான். 106 சீசீ பழைய மெசினுக்கு நான் அதிலும் குறைக்கமாட்டேன்.

மாற்றங்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சைலன்சரைக் குடைந்து பவர் ஏற்றுவது பற்றி இணையத்தில் நிறையப் பேர் கதைக்கிறார்கள். நான் செய்யவில்லை. இந்த மெசினுக்குக் குறைவாக இருப்பது பவர் அல்ல. நான் செய்த மாற்றங்கள் எங்கள் தூசிக்கும் பனைக்கும் ஆனவை.

முதலாவது பில்டர். எங்கள் செம்மண் தூசி மா மாதிரி, பழைய வலைப் பில்டருக்குள்ளால் புகுந்துவிடும். மோட்டார் சைக்கிள் பில்டரின் ஸ்பொஞ்சை வெட்டி மேலே உறை மாதிரி மாட்டி, டூ ஸ்ரோக் ஓயிலில் தோய்த்துப் பிழிந்து விட்டிருக்கிறேன். மெத்தை ஸ்பொஞ்ச் வேண்டாம், பெற்றோல் பட்டுக் கரைந்து உதிரும்.

இரண்டாவது செயின். பனையை அரிந்தவருக்குத்தான் தெரியும் அதன் குணம். வெளிச்சுற்று இரும்பு மாதிரி வயிரம், நடுவோ மெத்தென்று இருக்கும். மரத்தூள் வராது, தும்புதான் வரும். அது பக்கத்து மூடிக்குள் போய்ப் பல்லுச்சக்கரத்தைச் சுற்றி அடைந்து இறுகும். மூலை கூரான முழு உளிப்பல்லு வேம்பில் வெண்ணெய் மாதிரிப் போகும், பனை வயிரத்தில் இரண்டு குற்றிக்குள் மழுங்கிவிடும். மூலை உருண்ட அரை உளிப்பல்லுச் செயினைப் போட்டு, 30 பாகைக்குப் பதில் 25 பாகையில் அரம் பிடிக்கிறேன். வேகம் சற்றுக் குறைவு, கூர் நிற்கும். 070இன் .404 அங்குலச் செயினுக்கு 5.5 மில்லிமீற்றர் உருண்டை அரம். பல்லுக்கு முன்னால், அது எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தடுக்கும் சின்ன முட்டுத் துண்டை ஆசைப்பட்டுத் தேய்த்துப் பதிக்காதேங்கோ, செயின் பாய்ந்து கடிக்கும், கைதான் பதில் சொல்லும். ஒவ்வொரு குற்றிக்கும் மூடியைக் கழற்றித் தும்பை எடுப்பது என் வழக்கம். புதுச் செயின் போட முன்னம் பல்லுச்சக்கரத்தையும் பாருங்கள். அரை மில்லிமீற்றர் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றாமல் புதுச் செயின் போடுவது காசைக் கிணற்றில் எறிவதுதான். பாரின் விளிம்பில் மடிந்த பிசிறைத் தட்டை அரத்தால் எடுத்து, பாரைத் தலைகீழாக மாற்றிப் போடுங்கள். பாருக்குக் கழிவு ஓயில் விடும் பழக்கம் இங்கே எல்லாரிடமும் உண்டு. அதில் இரும்புத்தூள் இருக்கிறது, பம்பைத் தின்னும், உங்கள் மேலிலும் தெறிக்கும்.

மூன்றாவது, பிற ஊர்க்காரர் யாரும் சொல்லித்தராத ஒன்று. உங்கள் பனை சண்டைக்கு முந்தியதென்றால் உள்ளே இரும்பு இருக்கலாம். முகமாலை, பளைப் பக்கம் தலையில்லாமல் நின்ற பனைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு ஒரு வேம்புக் குற்றிக்குள் ஷெல் சன்னம் பட்டு, ஒரே நொடியில் பதினொரு பல்லுப் போனது. இப்போது பழைய ஸ்பீக்கர்க் காந்தத்தை நூலில் கட்டி மரத்தைச் சுற்றி மெல்லக் கொண்டு போகிறேன். தோலுக்குக் கிட்ட இருக்கும் இரும்பை அது காட்டும். ஆழத்தில் இருப்பதையும் ஈயக் குண்டையும் காட்டாது. வேம்பு, முதிரை போன்றவற்றில் வெட்டுமுகத்தில் கரிய நீலக் கறை கண்டால் நிறுத்துங்கள், இரும்பு கிட்ட இருக்கிறது.

இந்த மெசினில் செயின் பிறேக் கிடையாது. முனை எதிலாவது முட்டித் திருப்பி அடித்தால் செயினை நிறுத்த ஒன்றும் இல்லை. அதிர்வும் அப்படியே கைக்கு வரும். பெரியப்பாவுக்கு மழைநாளில் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும், "குளிரடா" என்பார், குளிர் மட்டும் இல்லை. அதனால் 070ஐ நிலத்தில் கிடக்கும் குற்றிக்கு மட்டும்தான் எடுக்கிறேன், கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா வைத்துவிடுவேன். கொப்பு வெட்ட, ஏணியில் நின்று வெட்ட, தோளுக்கு மேலே தூக்க எடுப்பதில்லை. அதற்கு பிறேக் உள்ள சின்ன மெசின் வேண்டும். அந்த இடத்தில் நீங்கள் கேட்ட சீன மெசினும் ஒரு பதில்தான், பிறேக் வேலை செய்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்கினால்.

இரண்டு பனையும் ஒரு வேம்பும்தான் வேலையென்றால், உண்மையைச் சொன்னால், கூலிக்கு ஆள் பிடிப்பது மலிவு. என் திருத்தச் செலவு சின்னப் புது மெசின் ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டியது, நான் குந்தியிருந்த பின்னேரங்களுக்குக் கணக்கில்லை. ஆண்டுதோறும் விறகும் கூரை வளையும் அரியும் வளவென்றால் கதை வேறு. இன்னுமொன்று, நிற்கும் பெண் பனை, பலா, ஈரப்பலா தறிக்கப் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும், 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் சட்டம் அப்படி. செயின் சோ வைத்திருப்பவர்கள் அதைப் பதிய வேண்டும் என்று 2019இல் அறிவித்தார்கள், மாமா பதிந்தாரா என்று கேளுங்கள்.

சைலன்சரைக் கழற்றி, புகை வாசலுக்குள்ளால் பிஸ்டன் தெரியும்படி ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். ரோச்சைச் சரித்துப் பிடித்தால்தான் கீறல் படத்தில் தெரியும். அதைப் பார்த்துவிட்டு மிச்சம் சொல்லுறன்.