கேள்வி பதில்: உங்கட பல்லுக்குள்ள எந்த ஊர்?

போன இதழில ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள்ள 1991இல கிடைச்ச ஓட்சி எண்ட மனிசன்ட கதையை ஒரு பெட்டிச் செய்தியா போட்டிருந்தம், 5,300 வருசத்துக்கு முதல் செத்தவர், அவர்ட பல்லை வச்சு அவர் எந்தப் பள்ளத்தாக்கில வளர்ந்தவர் எண்டு கண்டுபிடிச்சிட்டாங்க எண்டு. அதுக்கு இவ்வளவு கடிதம் வரும் எண்டு நினைக்கல்ல. ஒரே மாதிரி வந்ததுகளைச் சேர்த்து ஒண்டாக்கி இரிக்கு, உங்கட கேள்வி அப்படியே இல்லாட்டி கோபிக்காதீங்க.

பல்லில ஊர் பேர் எழுதியா கிடக்கு? அது எப்படி 5,000 வருசம் கழிச்சும் தெரியும்?
(கல்லடியிலிருந்து ஒரு ஆசிரியை)

எழுதித்தான் கிடக்கு டீச்சர், ஆனா எழுத்தால இல்ல, எண்ணால. ஸ்ட்ரோன்டியம் எண்டு ஒரு மூலகம் இரிக்கு, குணத்தில கல்சியத்துக்கு சொந்தக்காரன், அதனால நாம திங்கிற சோத்திலயும் குடிக்கிற தண்ணியிலயும் துளியளவு வந்தாலும் உடம்பு அதைக் கல்சியம் எண்டு நினைச்சு எலும்புக்கும் பல்லுக்கும் அனுப்பிடும். அதில 86, 87 எண்ட ரெண்டு வகையைத்தான் இதுக்குப் பார்க்கிறது, ஒரே மூலகம், பாரம் மட்டும் வேற, பள்ளிக்கூடத்தில சமதானி, அதாவது ஐசோடோப்பு, எண்டு படிப்பிச்சிருப்பீங்க. 86 எப்பவும் இரிக்கிற அளவிலேயே இரிக்கும். 87 மட்டும் கூடும், ஏனெண்டா பாறைக்குள்ள கிடக்கிற ருபீடியம் 87 உடைஞ்சு உடைஞ்சு அதுவா மாறுது. அந்த உடையிற வேகத்தைக் கேட்டா தலை சுத்தும், பாதி உடையவே கிட்டத்தட்ட 4,900 கோடி வருசம் வேணும், பூமிக்கே வயசு 455 கோடிதான். ஆகவே பழைய பாறை, அதுவும் ருபீடியம் கூடின கருங்கல்லு எண்டா 87க்கும் 86க்கும் உள்ள விகிதம் 0.72, 0.75 எண்டு ஏறிக் கிடக்கும். நடுக்கடல் அடியில புதுசா வாற எரிமலைக் கல்லில 0.7025 அளவுதான். கடல் தண்ணியில உலகம் முழுக்க 0.7092.

இப்ப பாறை கரைஞ்சு மண்ணாகுது, மண்ணில இருந்து கிணத்துக்கும் நெல்லுக்கும் கீரைக்கும் போகுது, அங்கயிருந்து பிள்ளைட வாய்க்கு. ஸ்ட்ரோன்டியம் பாரமான அணு எண்டதால இந்த வழி நெடுக அந்த விகிதம் மாறாத மாதிரித்தான், கொஞ்சநஞ்சம் மாறினாலும் அளக்கக்குள்ள திருத்திடுவாங்க. பல்லுக்கு மேல இரிக்கிற வெள்ளை எனாமல் ஒருக்கா இறுகினா பிறகு புதுப்பிக்கிறதில்ல. முதலாவது கடைவாய்ப்பல்லுட எனாமல் மூண்டு வயசளவில முடிஞ்சிரும், ஞானப்பல்லு பத்து வயசு தாண்டியும் உருவாகிட்டு இரிக்கும். ரெண்டையும் ஒண்டா வச்சு அளந்தா, சின்ன வயசில ஒரு ஊர், வளர்ந்தாப் பிறகு இன்னொரு ஊரா எண்டு தெரிஞ்சிரும். எலும்பு அப்பிடியில்ல, அது வருசக்கணக்கில மாறி மாறிக் கட்டுப்படுது, கடைசிக் காலத்தைத்தான் சொல்லும், மண்ணுக்குள்ள கிடக்கக்குள்ள வெளியில இருந்தும் ஊறிடும்.

அளக்கிற வேலையையும் சொல்லிடுறன். பல்லு டொக்டர் வச்சிரிக்கிற மாதிரி சின்ன ட்ரில்லால மேல்பக்கத்தைச் சுரண்டி எறிஞ்சிட்டு உள்ளால சில மில்லிகிராம் பவுடர் எடுப்பாங்க, அதை நைத்திரிக் அமிலத்தில கரைச்சு ஒரு விசேசமான ரெசினுக்குள்ளால சொட்டுச் சொட்டா விடக்குள்ள கல்சியம் ஓடிப்போயிரும், ஸ்ட்ரோன்டியம் மட்டும் பிடிபட்டு நிக்கும். அதைக் காயவச்சா கண்ணுக்குத் தெரியிறதே கஸ்டமான ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை மெல்லிய கம்பியில வச்சு 1,400 பாகைக்குக் கிட்ட சூடாக்கினா அணுக்கள் பறக்கும், காந்தத்துக்குள்ளால போகக்குள்ள பாரம் குறைஞ்சது கூட வளையும், கூடினது குறைய வளையும், அங்கால வச்சிரிக்கிற ஏந்திகள் தனித்தனியா எண்ணும். ஐஞ்சாவது தசமதானம் வரைக்கும் நம்பலாம். ஓட்சிக்கு ஸ்ட்ரோன்டியம், ஈயம், ஒட்சிசன் மூண்டையும் பார்த்து, குடலுக்குள்ள இருந்த மைக்காத் துணிக்கையையும் விடாம வயசு பார்த்து 2003இல எழுதினாங்க, அவர் செத்த இடத்தில இருந்து 60 கிலோமீற்றருக்குள்ளதான் முழு வாழ்க்கையும், அனேகமா ஐசாக் பள்ளத்தாக்கில வளர்ந்தவர் எண்டு.

அப்ப கருவாடு, உப்பு எல்லாம் திங்கிற நம்மட ஆக்கள்ட பல்லு கடலைத்தானே காட்டும்?
(வாழைச்சேனை)

சரியான இடத்தில பிடிச்சிட்டீங்க. மத்திய அமெரிக்காவில திக்கால் எண்ட மாயா நகரத்து எலும்புக்கூடுகள்ட பல்லில அந்த மண்ணுக்குப் பொருந்தாம கொஞ்சம் கூடின எண் வந்திச்சு, கடலுப்பு கொண்டுவந்து தின்டதால இரிக்கலாம் எண்டு பிறகு விளக்கம் சொன்னாங்க. நம்மட கரையில மழைத்தண்ணியிலயே கடல் உப்பு கலந்திரிக்கும், மணலும் கடல் கொண்டு வந்தது. அதால எழுவான்கரைப் பல்லு 0.7092 பக்கம் இழுபடும் எண்டு எதிர்பார்க்கலாம், உள்ளுக்குள்ள படுவான்கரையில கருங்கல் மண்ணில விளைஞ்சதைத் திண்டவர்ட பல்லு கூடப் போகலாம். மட்டக்களப்பு வாவிக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம்தான், ஆனா மெசினுக்கு அது பெரிய தூரம்.

உரமும் குழப்பும். டென்மார்க்கில 1921இல எடுத்த 3,400 வருசப் பழைய ஒரு பொம்பளப்பிள்ளைட உடலை 2015இல ஜேர்மனியில வளர்ந்தவ எண்டாங்க, 2019இல வேற ரெண்டு பேர் வந்து, வயலுக்குப் போட்ட சுண்ணாம்பு மண்ணுட எண்ணையே மாத்திட்டு, நீங்க ஒப்பிட்ட வரைபடமே பிழை எண்டாங்க. முதல் கூட்டம் ஒத்துக்கொள்ளல்ல. அம்பாறை வயலில இதைச் செய்ய வாறவங்க உரம் படாத காட்டு மண்ணையும் நத்தை ஓட்டையும்தான் தேடவேணும்.

பூமிக்கு உள்ளுக்கு ஆரும் போகல்ல. மேன்டில் இப்படித்தான் இரிக்கு எண்டு எப்படி அடிச்சுச் சொல்றாங்க?
(கல்முனை, உயர்தர மாணவன்)

தம்பி, மனிசன் தோண்டின ஆழமான குழி ரஷ்யாட கோலாவில, 12 கிலோமீற்றர் சொச்சம், மேன்டில், அதாவது பூமிட மேலோட்டுக்கு அடியில இரிக்கிற தடிச்ச பாறைப் படை, அதுக்கும் கீழதான் தொடங்கி 2,900 கிலோமீற்றர் வரைக்கும் போகுது. ஆகவே அது தானா வெளியில அனுப்புறதைத்தான் படிக்கிறம். எரிமலைக் குழம்பு எந்த மூலைல இருந்து வந்திச்சோ அந்த மூலைட ஐசோடோப்பு விகிதத்தோடயே வரும், உருகினாலும் அது மாறாது, இதுதான் முழு வித்தையும். ருபீடியம் உருகக்குள்ள மேலோட்டுக்கு ஓடிப்போற சாமான். ஆகவே மேலோடு கழிஞ்சு போன மேன்டிலில 87 கூடவே வழியில்ல, அதாலதான் 0.7025. டீச்சருக்குச் சொன்ன பல்லுக் கணக்கும் இதே கணக்குத்தான், மேன்டிலும் மேலோடும் கோடிக்கணக்கான வருசத்துக்கு முதல் பிரிஞ்சிராட்டி எல்லா ஊர்ப் பல்லும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

ஆனா மேன்டில் ஒரே சீரா இல்ல. பெரிய தாச்சியில தொதல் கிண்டக்குள்ள ஒரு பக்கம் திரண்டு ஒரு பக்கம் இளகிக் கிடக்குமே, அந்த மாதிரி, கட்டியாத்தான் இரிக்கு ஆனா மெதுவா அசைஞ்சுகொண்டே இரிக்கு, முழுக்கக் கலக்கல்ல. சமோவா தீவுக் கல்லில பழைய கண்டத்து மண்ணுட சாயல் இரிக்கு, சென்ட் ஹெலினாவில பழைய கடலடிப் பாறைட சாயல். நம்மட இந்து சமுத்திரத்துக்கு அடியிலயும் ஒரு தனிக்குணம் இரிக்கு, அத்திலாந்திக், பசுபிக் கல்லோட ஈயமும் ஸ்ட்ரோன்டியமும் ஒத்துப்போகல்ல எண்டு 1983இல பிரான்ஸ்காரர் ரெண்டு பேர் காட்டினாங்க, ஏன் அப்பிடி எண்டு இன்னும் சண்டை பிடிக்கிறாங்க.

எனக்குப் பிடிச்சது பெரிலியம் 10. அது வானத்தில கொஸ்மிக் கதிர் பட்டு உண்டாகுறது, மழையோட கடலில விழுந்து சேத்தில படியும், 14 லட்சம் வருசத்தில பாதி அழிஞ்சிரும். அதே சாமான் மத்திய அமெரிக்க எரிமலைக் குழம்பில வருது! அதாவது கடலடிச் சேறு பூமிக்குள்ள இறங்கி, திரும்ப எரிமலையால வெளிய வந்திரிக்கு, அதுவும் சில மில்லியன் வருசத்துக்குள்ள. இல்லாட்டி அளக்க ஒண்டும் மிஞ்சியிராது.

மகாஓயா வெந்நீர்க் கிணறு மேன்டில்ல இருந்தா வருது? அடியில எரிமலை இரிக்கா?
(செங்கலடி)

எரிமலை இல்ல, பயமில்லாமப் போய்க் குளிங்க. கீழ போகப் போக ஒரு கிலோமீற்றருக்கு 25, 30 பாகை கூடும், மழைத்தண்ணி பாறை வெடிப்புக்குள்ளால ஆழத்துக்கு இறங்கி சூடாகி ஏறுது. அந்தப் பக்கம்தான் மலைநாட்டுப் பாறையும் கிழக்குப் பாறையும் சந்திக்கிற எல்லை, வெடிப்புக்குக் குறைவில்ல. உலகத்தில எந்த ஊத்திலயும் மேன்டிலுக்குப் பங்கு இரிக்கா எண்டு பார்க்கிறதுக்கு ஹீலியம் 3 எண்ட வாயுவைத் தேடுவாங்க, அது பூமி உண்டாகக்குள்ளயே அடைபட்டது. ஹீலியம் 3க்கும் ஹீலியம் 4க்கும் காத்தில இரிக்கிற விகிதத்தை 1 எண்டு வச்சா மேலோட்டு வாயு 0.02, நடுக்கடல் மலைத்தொடரில 8, ஹவாய் பக்கத்தில 30ஐத் தாண்டும்.

இந்த முறையை வச்சு இந்த மண்ணுக்கு முதல் வந்தது ஆர் எண்டு ஒரேயடியாத் தீர்த்திடலாம்தானே?
(அக்கரைப்பற்று, இதே கேள்வி வேற நாலைஞ்சு ஊர்களில இருந்தும்)

தீர்க்க ஏலாது. கேட்டவங்களுக்குப் பதில் பிடிக்காது எண்டு தெரியும், ஆனா இதில வளைஞ்சு குடுக்க ஒண்டுமில்ல. ஆரையம்பதிப் பிள்ளையும் காத்தான்குடிப் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துக் கிணத்துத் தண்ணி குடிச்சு ஒரே வயல் நெல்லைத் திண்டு வளர்ந்தா ரெண்டு பேர்ட பல்லும் ஒரே எண்தான். எந்த மொழி பேசினவர், எந்தக் கடவுளைக் கும்பிட்டவர் எண்டு ஸ்ட்ரோன்டியத்துக்குத் தெரியாது. அது சொல்றது ஒரு ஆள், ஒரு சின்ன வயசு, ஒரு மண். அவர்ட பாட்டன் எங்கயிருந்து வந்தார் எண்டது டிஎன்ஏக்காரரிட்டக் கேக்கவேண்டிய கேள்வி, அங்கயும் பதில் நீங்க நினைக்கிற மாதிரி ஒத்தை வரியில வராது.

இன்னொரு சிக்கல், தூரத்து ரெண்டு ஊர் ஒரே எண்ணைக் காட்டலாம். நம்மட கிழக்குப் பாறைகள் மேன்டில்ல இருந்து பிரிஞ்சு 100 தொடக்கம் 200 கோடி வருசம், மலைநாட்டுது 200 தொடக்கம் 300 கோடி எண்டு 1988இல நியோடிமியம் எண்ட இன்னொரு மூலகத்திட ஐசோடோப்பை வச்சுப் பிரிச்சாங்க. அதால அம்பாறையில வளர்ந்தவரையும் பண்டாரவளையில வளர்ந்தவரையும் பிரிக்க நல்ல வாய்ப்பு இரிக்கு. ஆனா ஒருகாலத்தில நம்மளோட ஒரே கண்டமா ஒட்டிக்கிடந்த மடகஸ்காரிலயும் தென்னிந்தியாவிலயும் இந்த வயசுப் பாறைகள் பரந்து கிடக்கு. ஆகவே இவர் இஞ்ச வளரல்ல எண்டு அடிச்சுச் சொல்லலாம், இஞ்சதான் வளர்ந்தவர் எண்டு சொல்லத்தான் பயப்படோணும்.

இலங்கையில செய்த நல்ல வேலை வேற மாதிரி. 2015இல பாஹியன் குகை, பத்ததொம்பலென மாதிரி இடங்களில எடுத்த 26 பேர்ட பல்லில காபனையும் ஒட்சிசனையும் பார்த்தாங்க. அடர்ந்த காட்டு நிழலில விளையிறதும் வெட்டவெளிப் புல்லும் காபன் 13இல வித்தியாசப்படும். 20,000 வருசத்துக்கு முதலே அந்தச் சனம் மழைக்காட்டையும் அதின்ட ஓரத்தையும் நம்பிச் சாப்பிட்டு வாழ்ந்திரிக்கு எண்டு வந்திச்சு. மழைக்காட்டில அந்தக் காலத்து மனிசன் தாக்குப்பிடிக்கமாட்டான் எண்டு அதுவரை எழுதினவங்கட கட்டுரையெல்லாம் ஆட்டம் கண்டிச்சு. ஆர் முதல் எண்டதை விட என்னத்தைத் திண்டாங்க எண்ட கேள்விக்கு வந்த பதில் எனக்குப் பெரிசாத் தெரியுது.

நான் குவைத்தில பன்னிரண்டு வருசம் வேலை செய்தவ. என்ட பல்லு எந்த ஊரைச் சொல்லும்?
(களுவாஞ்சிகுடி)

பல்லு களுவாஞ்சிகுடியைத்தான் சொல்லும் அக்கா, சின்ன வயசில அங்க வளர்ந்திருந்தா. ஆனா அங்க இருக்கக்குள்ள வளர்ந்த தலைமயிர் குவைத்தைச் சொல்லும், மயிர் மாசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு வளருது, குடிச்ச தண்ணிட ஒட்சிசன் அதில பதியும். அங்க குடிக்கிறது கடல் தண்ணியில உப்பெடுத்தது, மாரி மழையில ஊறின நம்மட கிணத்துத் தண்ணியை விட அதில ஒட்சிசன் 18 எண்ட பாரமான வகை கூட. வெட்டி எறிஞ்சிருந்தா சாட்சியும் போயிட்டு.

இதைப் படிக்க எங்க போகவேணும்?
(பொத்துவில், மாணவி)

பேராதனைப் பல்கலைக்கழகத்தில புவிச்சரிதவியல் துறை இரிக்கு. இரசாயனத்தையும் பௌதிகத்தையும் இறுக்கிப் பிடிங்க தங்கச்சி, கல்லுப் பொறுக்கிறது பிறகு தானா வரும். எலும்பு, பல்லுப் பக்கம் விருப்பமெண்டா பட்டம் முடிச்சிட்டு கொழும்பில தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தையும் விசாரிங்க.